மூங்கிற்பாட்டின் பின்பாதி

தொட்டிமலைக் காட்டு விலங்குகளுக்குத் தங்கள் காட்டைப் பற்றிப் பெருமை தாங்காது. சடையன் என்கிற கரடியைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, "எங்கள் காட்டில் சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்!" என்றுதான் பதில் வரும். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெருமைப்படும்படியான காடுதான் அது.

வருஷா வருஷம் முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில் எல்லா விலங்குகளும் வட்டப்பாறை மேல் கூடும். பாறையைச் சுற்றிலும் செங்குத்தான பள்ளம். ஏறி இறங்க ஒரே ஒரு இடுக்குவழிதான் உண்டு. அங்கே கூடி மூங்கிற்பாட்டுப் பாடுவார்கள்.

"மூங்கில் பூத்தது, மலையே பூத்தது!
அரிசி கொட்டியது, அள்ளித் தின்றோம்!
எங்கள் காடு! எங்கள் காடு!"

மூங்கில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் மலை முழுக்க அரிசியாகக் கொட்டும். கடைசியாகப் பூத்ததைப் பார்த்தவர் யாரும் அந்தக் காட்டில் உயிரோடு இல்லை. பாட்டு மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பாட்டுக்கு இரண்டு பாதி. முன்பாதியை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். பின்பாதி முள்ளம்பன்றிக் குடும்பத்துக்கு உரியது. மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் முன்பாதி முடிகிற நேரம் பார்த்துக் கீழே அத்திப்பழ வாசம் தூக்கலாக வரும். "பின்பாதி அழுமூஞ்சிப் பாட்டு!" என்று ஒரு வருஷம் ஒரு குரங்கு சொல்லிவிட்டுக் கிளம்பியது. மறுவருஷம் பத்துப் பேர் கிளம்பினார்கள். அப்புறம் எல்லாருமே கிளம்பிவிட்டார்கள்.

பாவம், ஈட்டியம்மா என்கிற முள்ளம்பன்றி மட்டும் வெறும் பாறையைப் பார்த்துப் பின்பாதியைப் பாடிவிட்டுக் கடைசி ஆளாக இறங்குவாள். அவள் போய்ச் சேரும்போது அத்திமரத்தடியில் காம்புதான் கிடக்கும்.

அப்படி இருக்கையில் ஒரு வருஷம் மூங்கில் பூத்தேவிட்டது!

"பூத்துவிட்டது! பூத்துவிட்டது!" என்று மலையணில் தாவுக்காரி மரத்துக்கு மரம் ஓடிக் கத்தினாள். அரிசி மழையாகக் கொட்டியது. எல்லாரும் ஓடி ஓடித் தின்றார்கள்.

காட்டுக்குத் தலைவர் செந்தோகையார் என்கிற மயில். அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"என் தலைமையில் பூத்திருக்கிறது! எனக்கு முன்னால் எந்தத் தலைவராவது உங்களுக்கு மூங்கிலரிசி போட்டாரா?"

"இல்லை! இல்லை!"

மயிலுக்கும் மூங்கிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வாய் நிறைய அரிசி இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நண்பகலில் கீழ்மலையிலிருந்து கோரையன் வந்தான். அவன் காட்டுப்பன்றிகளின் தலைவன். பேச்சில் தேன் ஒழுகும்.

"தலைவரே! இப்பேர்ப்பட்ட காலத்தில் நீங்கள் ஆட ஒரு மைதானம் இல்லையே! இந்த அழகான தோகை முள்ளிலும் கல்லிலுமா விரிய வேண்டும்? நினைக்கவே வயிறு எரிகிறது!"

செந்தோகையாருக்கும் ரொம்ப நாளாக அதே ஏக்கம்தான். "என்ன செய்வது, கோரையா?" என்றார்.

"என் கூட்டத்தில் நூறு பேர் இருக்கிறோம். பத்தே நாளில் மூக்காலேயே கிளறி மட்டமாக்கித் தருகிறோம்!"

"பதிலுக்கு?"

"பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கிழக்குச் சரிவை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். காட்டு வள்ளிக்கிழங்கு சும்மா மண்ணுக்குள் கிடக்கிறது. நீங்கள்தான் யாரும் அதைத் தொடுவதே இல்லையே!"

உண்மைதான். கிழக்குச் சரிவில் ஒருவரும் தோண்டுவதில்லை. தோண்டக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

"அவ்வளவுதானா! எடுத்துக்கொள்!" என்றார் செந்தோகையார்.

"வட்டப்பாறையில் வைத்துச் சொல்லுங்கள், தலைவரே. அங்கே கொடுத்த வாக்கை உங்கள் காட்டில் யாரும் திரும்ப வாங்குவதில்லையாமே!" என்றான் கோரையன். பார்த்தீர்களா, அந்தக் காட்டு வழக்கம் அவனுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

மறுநாள் காலை எல்லாரும் பாறையில் கூடினார்கள். கோரையனும் வந்து நின்றான். பாறையில் கூடினால் பாட்டுப் பாடாமல் முடியாதே! முன்பாதியை மலை அதிரப் பாடினார்கள். செந்தோகையார் வாக்குக் கொடுக்கத் தொண்டையைக் கனைத்தார்.

"நிறுத்துங்கள்! பின்பாதி பாடவில்லை!" என்றாள் ஈட்டியம்மா.

"விருந்து நேரத்தில் ஒப்பாரி எதற்கு, அக்கா?" என்றாள் தாவுக்காரி.

"சாப்பிட்டுவிட்டு அப்புறம் கேட்கிறோம்!" என்று நாலு பேர் எழுந்தார்கள்.

ஈட்டியம்மாவுக்கு வந்ததே கோபம்! நேரே இடுக்குவழிக்குப் போனாள். வழியை அடைத்துத் திரும்பி நின்றாள். முதுகு முள்ளையெல்லாம் சடசடவென்று நிமிர்த்தினாள்.

"இத்தனை வருஷம் பாறைக்குப் பாடினேன். இன்றைக்கு உங்களுக்குப் பாடப்போகிறேன். இறங்க வேண்டியவர்கள் இறங்கலாம், வாருங்கள்!"

சடையன் மீசையை முறுக்கிக்கொண்டு போனான். அடுத்த நொடி, "ஐயோ! என் மூக்கு!" என்று அலறிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"தலைவரே, நீங்கள் மட்டுமாவது பறந்துவிடுங்களேன்!" என்றான் கோரையன்.

செந்தோகையார் சிறகைக் கொஞ்சம் தூக்கினார். பாறை முழுக்கத் தன்னையே பார்க்கிற கண்களைப் பார்த்தார். தன் ஆட்களை மாட்டவிட்டுத் தலைவன் பறந்து போனால் நன்றாகவா இருக்கும்? சிறகை மடக்கிக்கொண்டார்.

"சரி, சீக்கிரம் பாடித் தொலை!"

ஈட்டியம்மாவுக்குக் குரல் ஒன்றும் இனிமை இல்லை. காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சொல் விடாமல் பாடினாள்.

"பூத்த மூங்கில் பொசுக்கெனக் காய்ந்தது!
எலிகள் பெருகின, அரிசி தீர்ந்தது!
கோடை வந்தது, குடலும் காய்ந்தது!
கிழக்குச் சரிவைத் திறந்தோம், திறந்தோம்!
கரடி தோண்டியது, கடமான் சுமந்தது,
முயல் பங்கிட்டது, முகம் பாராமல்!
தலைவன் மயிலோ கடைசியில் தின்றான்!
ஒருவரும் சாகவில்லை!
எங்கள் காடு! எங்கள் காடு!"

பின்பாதியும் 'எங்கள் காடு' என்றுதான் முடிகிறது என்பதே அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

"என் வம்சமா தோண்டியது?" என்று மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டான் சடையன்.

"உன் வம்சம்தான்! பதினைந்து நாள் பட்டினியோடு தோண்டினார்கள்!" என்றாள் ஈட்டியம்மா.

செந்தோகையார் மெதுவாகக் கேட்டார். "ஒரு மயில்... கடைசியில் தின்றாரா? இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

"வருஷா வருஷம் சொன்னேன், தலைவரே. நீங்கள் அத்திமரத்தடியில் இருந்தீர்கள்."

செந்தோகையாருக்குத் தலை தானாகக் குனிந்தது.

கோரையன் பதறிப்போனான். "அட, பழங்கதை! அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு! ஒரு பாட்டுக்குப் போய்ப் பயப்படலாமா?"

"சரி, இந்தக் காலத்தையே பார்த்துவிடுவோம்!" என்றாள் ஈட்டியம்மா. "தாவுக்காரி, மூங்கில் உச்சிக்குப் போய்ப் பார்த்துச் சொல்லடி!"

தாவுக்காரி பாறையிலிருந்து பக்கத்து மூங்கிலுக்கு ஒரே தாவாகத் தாவினாள். கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து கத்தினாள்.

"அக்கா! உச்சியெல்லாம் மஞ்சள் பூத்துக் காய்ந்துகொண்டு வருகிறது! கீழே புதருக்குப் புதர் எலி! எண்ணி மாளாது, அக்கா!"

ஈட்டியம்மா கோரையனிடம் திரும்பினாள். "உன் மலையிலும் மூங்கில் பூத்திருக்கிறது. உன் கூட்டத்துக்கும் வயிறு முட்ட அரிசி இருக்கிறது. அப்புறம் கிழங்கு எதற்கு? பாட்டின் பின்பாதி உனக்குத் தெரியும், இல்லையா?"

கோரையன் வானத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கடைசியில் உண்மையைச் சொன்னான்.

"தெரியும். போன தடவை பஞ்சம் வருவதற்கு முன்னாலேயே எங்கள் மலைக் கிழங்கைத் தின்று தீர்த்தோம். பாதிப் பேர் செத்தார்கள். நாங்கள் அதை மறக்கவில்லை. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. அதனால்தான் வந்தேன்."

செந்தோகையார் பாறையின் நடுவில் வந்து நின்றார்.

"இந்தப் பாறையில் நின்று சொல்கிறேன். கிழக்குச் சரிவை யாருக்கும் கொடுக்கமாட்டோம்! மைதானமும் வேண்டாம். நான் கல்லிலேயே ஆடிக்கொள்கிறேன்!"

"எங்கள் காடு!" என்று சடையன் முதலில் கத்தினான். மூக்கில் இன்னும் முள் இருந்தது.

பாட்டில் வந்தபடியே எல்லாம் நடந்தது. மூங்கில் காய்ந்தது. மிச்ச அரிசியை எலிகள் தின்று முடித்தன. கோடை வந்தது. சரிவைத் திறந்தார்கள். சடையன் தோண்டினான், கடமான்கள் சுமந்தன, முயல்கள் பங்கிட்டன. தலைவர் செந்தோகையார் தினமும் வரிசையின் கடைசியில் நின்றார். தோகை பாதி உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அவர் அவ்வளவு அழகாக இருந்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை!

ஒருநாள் காலையில் கோரையன் வந்தான். விலா எலும்பு தெரிந்தது. பின்னால் அவன் கூட்டம் குட்டிகளோடு நின்றது.

"துரத்துங்கள்! நம்மை ஏமாற்றப் பார்த்தவன்!" என்று சடையன் பாய்ந்தான்.

"இரு, சடையா!" என்றார் செந்தோகையார். "கோரையா, சரிவு எங்களுடையது. அதில் மாற்றமில்லை. பசிக்குப் பங்கு உண்டு. குட்டிகளை முன்னால் விட்டு வரிசையில் நில்."

கோரையன் குட்டிகளை முன்னால் தள்ளிவிட்டு, மயிலுக்கும் பின்னால் போய்க் கடைசி ஆளாக நின்றான். அந்தக் கோடையில் இரண்டு மலையிலும் ஒருவரும் சாகவில்லை.

மறுபடி முதல் மழை பெய்தது. எல்லாரும் வட்டப்பாறையில் கூடி முன்பாதியைப் பாடி முடித்தார்கள். கீழேயிருந்து அத்திப்பழ வாசம் கமகமவென்று வந்தது. ஒருவரும் அசையவில்லை. ஈட்டியம்மா தன் சருகுக் குரலில் பின்பாதியைப் பாடினாள்.

முடிந்ததும் செந்தோகையார், "அம்மா, இந்த வருஷத்துக்கு ஒரு வரி சேர்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"அதெல்லாம் எப்போதோ சேர்த்தாயிற்று!" என்று அவள் மறுபடி குரலெடுத்தாள்.

"பங்கு கொடுத்தோம், சரிவைக் கொடுக்கவில்லை!
எங்கள் காடு! எங்கள் காடு!"

மலை அதிர எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு இடுக்குவழியில் ஒதுங்கி நின்று ஈட்டியம்மாவை முதல் ஆளாக இறங்கவிட்டார்கள். அன்றைக்கு அத்திமரத்தின் முதல் பழத்தை அவள்தான் தின்றாள்.

விருந்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிற கூட்டத்தை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். பஞ்சத்தையும் அதைத் தாண்டி வந்த விதத்தையும் மறக்காத கூட்டம்தான் பெருமையாகத் தலைநிமிர்ந்து நிற்கும்.