கல்யாணி ராகமும் தேங்காய்ச் சட்னியும்

பாட்டு டீச்சர் நப்பின்னைக்கு வயது முப்பதுதான். அவளிடம் கற்றுக்கொள்ள வந்த சௌந்தரவல்லிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இதில் யார் குரு, யார் சிஷ்யை என்று திருச்சி தில்லைநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேலி பேசினார்கள். பேசட்டும். தெரிந்தவரிடம் தெரியாதவர் கற்றுக்கொள்வதற்கு ஜாதகமா பார்க்க முடியும்?

ஆண்டுவிழாவில் யார் யார் தனியாகப் பாடுவது என்று அன்றைக்கு டீச்சர் வகுப்பில் அறிவித்தாள். வல்லியின் பெயர் வரவில்லை. இந்த வருஷமும் கோரஸ்தான், அதுவும் பின்வரிசை. போன மாசம் வந்து சேர்ந்த கல்லூரிப் பெண்ணுக்குத் தனிப்பாட்டு, நாலு வருஷமாக வரும் வல்லிக்குக் கோரஸ்!

மற்றவர்கள் கிளம்பும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு என்ன குறை டீச்சர்? சுருதி சேரலையா? தாளம் தப்புதா?"

"ரெண்டும் இல்லக்கா."

"அப்புறம் என்ன?"

"கல்யாணி ராகம் பாடுங்க."

வல்லி பாடினாள். அழகாகத்தான் ஆரம்பித்தாள். ராகம் மேலே ஏறத் தொடங்கியதும் சட்டென்று நிறுத்தி, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கீழேயிருந்து எடுத்தாள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"மூச்சு வாங்குது."

"பொய் சொல்லாதீங்க. மூச்சு பாதி மிச்சம் இருக்கு. எப்பவும் அங்கதான் நிறுத்தறீங்க. யாரைத் திரும்பிப் பாக்கறீங்க?"

தான் திரும்பிப் பார்ப்பதே வல்லிக்குத் தெரியாது. "நான் யாரையும் பாக்கலை" என்று வெடுக்கென்று சொன்னாள்.

"வீட்ல எப்ப பாடிப் பழகறீங்க?"

"சமைக்கறப்ப."

"ஞாயித்துக்கிழமை டிபனுக்கு வர்றேன்" என்றாள் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே நப்பின்னைக்குக் காது அடைத்தது. கூடத்தில் வல்லியின் கணவர் கோதண்டம் டிவி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பதிலுக்கு இவரும் கத்தினார். உள்ளறையில் மகன் முகில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணினி விளையாட்டில் யாரையோ "சுடுடா, சுடுடா" என்று விரட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் ரத்தக் கொதிப்புக்காக அவள் போனில் தியானச் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்த மகராசன் அவன்தான். அதில் ஒரு பெண்குரல் தினமும் வல்லியை அமைதியாக இருக்கச் சொல்லும். அந்த வீட்டில் அமைதி அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தேவைப்பட்டது போலிருக்கிறது.

வல்லி தேங்காயையும் பொட்டுக்கடலையையும் மிக்சியில் போட்டு மூடினாள். சுவிட்சைத் திருகினாள். மிக்சி அலறியது. அந்த அலறலுக்குள் அவள் வாயைத் திறந்தாள்.

நப்பின்னை சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். வகுப்பில் ஒருநாளும் கேட்காத குரல் அது. கல்யாணி கொஞ்சம்கூடப் பயமில்லாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

மிக்சி நின்றது. பாட்டும் பாதி ஸ்வரத்தில் நின்றது. வல்லி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பாடுங்கக்கா."

"சட்னி அரைஞ்சிடுச்சு டீச்சர்."

நப்பின்னைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எவ்வளவு காலமா இப்படி?"

"கல்யாணமான புதுசுலேர்ந்து. ஒருநாள் பாடிட்டிருந்தேன். இவர் வந்து, 'என்ன சத்தம், தலை வலிக்குது'ன்னார். மிக்சி ஓடறப்ப மட்டும் இங்க யாருக்கும் தலை வலிக்கறதில்ல."

"சட்னி எனக்கு இன்னும் நைசா வேணும். இன்னொரு சுத்து விடுங்க."

வல்லி சுவிட்சைத் திருகினாள். பழக்கதோஷம், வாயும் சேர்ந்து திறந்தது. ராகம் உச்சிக்குப் போன நேரத்தில் நப்பின்னை கையை நீட்டி மிக்சியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

மிக்சி நின்றுவிட்டது. குரல் நிற்கவில்லை. ஒரு கணம்தான் என்றாலும் வீடு முழுக்கக் கேட்டது.

கூடத்தில் டிவியின் சத்தம் அடங்கியது. கோதண்டம் ரிமோட்டும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"வல்லி, என்ன சத்தம் அது?"

வல்லி முதலில் டீச்சர் மேல்தான் பாய்ந்தாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டா என் மானத்தை வாங்கறீங்களே!" பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "சத்தமா? இந்த வீட்ல டிவி கத்தலாம், உங்க பிள்ளை கத்தலாம், குக்கர் கத்தலாம். நான் வாயைத் திறந்தா மட்டும் சத்தமா? இத்தனை வருஷமா மிக்சிக்குள்ள தலையை விட்டுப் பாடிட்டிருக்கேனே, தெரியுமா உங்களுக்கு?"

முகில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறை வாசலுக்கு வந்தான். அம்மா இப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை.

கோதண்டம் நிஜமாகவே விழித்தார். "உன்னைப் பாடாதேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அவருக்கு நினைவே இல்லை. நடிப்பில்லை, சத்தியமாகவே நினைவில்லை. அதுதான் வல்லிக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர் மறந்துபோயிருக்கக்கூடிய ஒரு பேச்சுக்கு அவள் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம். மறந்துபோனவரை என்ன செய்வது?

"தாராளமாப் பாடு. யாரு வேண்டாம்னா?" என்று பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்துவிட்டு அவர் சோபாவுக்குத் திரும்பினார். டிவி மறுபடியும் கத்தத் தொடங்கியது. முகிலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒன்றுமே நடக்காதது போல வீடு பழையபடி ஆகிவிட்டது.

வல்லி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா டீச்சர்? இந்தக் கூச்சல்ல எப்படிப் பாடறது? மேடைன்னா எல்லாரும் வாயை மூடிட்டுக் கேப்பாங்க. அங்க நான் பாடிடுவேன். ஒரே ஒரு தனிப்பாட்டு குடுங்க."

"குடுக்கறேன். மேடையில பாடிட்டு வந்து மறுநாள் காலையில திரும்பவும் மிக்சியைப் போடுவீங்களா?"

"வேற என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

கூடத்தில் விவாதம் உச்சத்துக்குப் போயிருந்தது. நப்பின்னை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கேட்கத் தயாராக உட்கார்ந்தாள்.

"ஒரு சத்தத்துக்கு அடியில ஒளிஞ்சு இவ்வளவு காலம் பாடினீங்களேக்கா" என்றாள். "இந்தச் சத்தத்துக்கு மேல ஏறிப் பாடுங்க."