சேந்தன் கட்டுன ஊரு

பேச்சிங்கற குருவுக்கு ஒரே ஒரு சீடன். பேரு சேந்தன். குருவுக்கு வயசு நாப்பது, சீடனுக்கு அம்பத்திரண்டு. அதனால குரு சீடன ‘அண்ணே’ம்பா, சீடன் குருவ ‘தாயி’ம்பான். கேக்குறவனுக்கு யாரு யாருக்குப் பாடம் சொல்றாங்கன்னே வெளங்காது.

ரெண்டு பேரும் இருந்தது ஒரு மொட்டப்பாறையில. ஒரு குகை, ஒரு வேப்பமரம், ஒரு மண்பானை. ஆசிரமம் அவ்வளவுதான். சேந்தன் ஞானத்தத் தேடி அங்க வந்தான்னு நெனச்சா ஏமாந்துபோவோம். அங்கருந்து பாத்தா ஆறு தெரியாது. அதுக்குத்தான் வந்தான். பாறைக்கு வடக்கால எறங்குனா ஆறு. அந்தப் பக்கம் அவன் ஒண்ணுக்குக்கூடப் போனதில்ல. பானைக்குத் தண்ணி சுமக்கறதும் குருதான். ஞானம் வந்தும் எடுபிடி வேல போகல.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி அந்த ஆறு சேந்தன் மக பூவாத்தாவக் கொண்டுபோச்சு. ஏழு வயசு. ஒடம்பு கெடைக்கல.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். ஆத்தோட போனவங்களுக்குப் பெத்த தகப்பன் அதே ஆத்துல இடுப்பளவு எறங்கி, எள்ளோட மூணு கை தண்ணி விடணும். பெத்தவ விட்டா செல்லாது. சேந்தன் விடல. “உசுரோட இருக்கிற புள்ளைக்கு எவனாச்சும் எள்ளுத்தண்ணி விடுவானா?”ன்னு கேட்டுட்டு வீட்ட விட்டு நடந்தவன்தான்.

புள்ள உசுரோட எங்க இருந்துச்சுன்னா, அவன் மண்டைக்குள்ள. கண்ண மூடுனா அங்க ஒரு ஊரே இருந்துச்சு. ஒவ்வொரு செங்கல்லும் அவன் வச்சது. பூவாத்தா அங்கதான் வளந்தா.

ஒருநாள் காலையில அவன் மச்சினன் இருளப்பன் மூச்சு வாங்கப் பாறையேறி வந்தான்.

“மாமா, அக்காவுக்கு முடியல. இன்னைக்குப் பொழுது தாண்டாதுன்னுட்டாரு வைத்தியரு.”

சேந்தன் கால் பெருவிரலப் பாத்துக்கிட்டு நின்னான்.

“ரெண்டு நாளா பாலோ தண்ணியோ ஒரு சொட்டு எறங்கல. ஊத்துனா பல்லக் கடிச்சுக்குது. ‘எம்புள்ளைக்கு அந்த மனுசன் விடட்டும், அப்புறம் என் வாயில ஊத்துங்க’ங்குது. உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு மாமா. மூணு கை. விட்டுட்டு இங்கயே வந்துருங்க. யாரும் கைய புடிச்சு நிறுத்த மாட்டோம்.”

சொல்லிட்டு வேப்பமரத்தடியில போயி உக்காந்துட்டான். சேந்தன் குகைக்குள்ள போனான்.

“தாயி, போகட்டுமா வேணாமா?”

“போனா என்னண்ணே?”

“தண்ணி விட்டா, புள்ள செத்துருச்சுன்னு நானே வாயத் தெறந்து சொன்ன மாதிரி. நான் கட்டுன ஊரு இடிஞ்சிரும்.”

“போகலேன்னா?”

“பொண்டாட்டி நாக்கு வறண்டு போயிச் சேருவா.”

பேச்சி எந்திரிச்சுப் போயி கம்பு மாவ ரெண்டு கை அள்ளியாந்து அவன் கையில கொட்டுனா. பானைய நகத்தி முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா.

“வெறும் வயித்துல முடிவெடுக்கக் கூடாது. தின்னுக்கிட்டே அந்த ஊரச் சொல்லு. நானும் ஒரு நடை பாத்துக்கறேன்.”

பதினோரு வருசமா ஒருத்தரும் கேக்காத சேதி. மனுசன் அவுத்துவிட்ட கன்னுக்குட்டி ஆயிட்டான்.

“மூணு தெருவு தாயி. மொதத் தெருவுல வளையக்கார வீடு. அடுத்தாப்ல செக்கு. மாட்டுக்கு ஒரு கொம்பு கிடையாது. நம்ம வீடு கடைசி. பூவாத்தாவுக்கு இப்ப பதினெட்டு. தையில கல்யாணம்.”

“மாப்பிள்ள?”

“தங்கமான பய. ஒரு கண்ணு மட்டும் லேசா மாறுகண்ணு.”

“நெனப்புல கட்டுன மாப்பிள்ளைக்கு எதுக்குண்ணே மாறுகண்ணு?”

“எல்லாம் சரியா இருந்தா நம்பிக்க வரமாட்டேங்குது தாயி.”

பேச்சி சிரிச்சா. சேந்தனும் சிரிச்சான். சிரிச்ச வேகத்துல மாவு மேலண்ணத்துல அப்பிக்கிச்சு. இருமுனான். கண்ணு பிதுங்குச்சு.

“தாயி, ஒரு வாய் தண்ணி.”

“இங்க எதுக்குக் கேக்கற? ஊருக்குள்ளதான இருக்க. அங்கயே குடிச்சுக்க.”

தாயி வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சான். குரு மூஞ்சியில வெளையாட்டு இல்ல. கண்ண மூடுனான்.

வளையக்கார வீட்டுக்குள்ள போனான். அடுப்படியில பானை இருந்துச்சு. மூடியத் தெறந்தான், காஞ்ச பானை. அடுத்த வீடு, அதுவும் காஞ்ச பானை. கெணத்தடியத் தேடுனான். கெணறு இருக்கவேண்டிய எடத்துல தரை கெட்டியா இருந்துச்சு. அவன்தான் அப்படிக் கட்டுனது. புள்ளைக்கு இன்னொரு தடவ ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கட்டுனது.

கண்ணத் தெறந்தான்.

“அங்க தண்ணி இல்ல தாயி.”

“கெணறு?”

“தோண்டல.”

“கொளம்?”

“வேணாம்னுட்டேன்.”

“மழையாச்சும்?”

சேந்தன் இல்லைன்னு தலையாட்டுனான்.

“அப்ப புள்ள பதினோரு வருசமா என்னத்தக் குடிக்குது?”

அவன் கையிலருந்த மாவு மடியில கொட்டுச்சு. எச்சியக் கூட்டிக் கூட்டி முழுங்கித்தான் அந்த நாலு வார்த்தையும் வந்துச்சு.

“அவ ஒருநாளும் கேட்டதில்ல தாயி.”

பேச்சி பானைய முன்னால இழுத்தா. ஒரு செம்பு மோந்து அவன் முன்னாடி வச்சா.

“கேட்டிருப்பாண்ணே. காஞ்ச தொண்டையில சத்தம் வராது.”

சேந்தன் செம்பத் தொடல. தொண்டையில மாவோடயே எந்திரிச்சு, பாறைக்கு வடக்கால ஆத்தப் பாத்து எறங்குனான்.