லம்போசியா தொலைத்த நாற்பது விமானங்கள்

சம்பத் சலூனுக்குள் வேதகிரி கோட்டு போட்டுக்கொண்டு நுழைந்தபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாரும் சீக்கிரம் முடிவெட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் டிவி விவாதத்தில் பேசப் போகிறார். ராணுவ வல்லுநராம்! லம்போசியா நாடு தரைப்படையை இறக்கிப் பெரிய தாக்குதல் நடத்தியதே, அதில் அவர்களுடைய விமானப்படை நாற்பது விமானங்களை ஏன் தொலைத்தது என்பதுதான் தலைப்பு. நன்றாகப் பேசினால் வாராவாரம் கூப்பிடுவோம் என்று சேனல்காரர் போனில் சொல்லியிருந்தாராம்.

"ஒத்திகை பாக்குறேன், கேளுங்கப்பா. தரைப்படை முன்னேறுதுன்னா விமானம் தாழப் பறந்து துணைக்கு வரணும். எவ்வளவு தாழ? டாங்க் ஓட்டுறவன் எட்டி பைலட்டுக்கு டீ கொடுப்பான். ஆலோசகரா போயிருந்தப்ப நானே கொடுத்திருக்கேன். சர்க்கரை கம்மின்னு ஒருத்தன் விமானத்தைத் திருப்பிக்கிட்டு வந்தான்."

"நீங்க விமானப்படை கேன்டீன்ல பூரி போட்டவர்தானே?" என்றார் லைன்மேன் நாதமுனி.

"பூரி உப்புறதும் விமானம் எழும்புறதும் ஒரே தத்துவம்யா. குறுக்க பேசாத. அங்க ஒரு வழக்கம். பீரங்கிக்காரன் விமானம் ஒண்ணைச் சுட்டு வீழ்த்துனா பத்து நாள் லீவு. எதிரிகிட்ட இருந்ததே மூணு விமானம். முதல் நாளே மூணும் காலி. நாலாவது ஆளுக்குத் தங்கச்சி கல்யாணம். பாவம், என்ன பண்ணுவான்? அண்ணாந்து பாத்தான். சொந்த விமானம்தான் பறக்குது. கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டுட்டான்."

சம்பத்தின் கத்தி நாதமுனியின் பாதித் தாடையில் நின்றது.

"அவங்க ஊர் பண்டிகைக்கு முதல் நாள் மட்டும் பதினொண்ணு! பைலட்டு லேசுப்பட்டவனா? பாராசூட்ல குதிச்சா அவனுக்கு இருபது நாள் மெடிக்கல் லீவு. வயர்லெஸ்ல பேசி முடிச்சுக்கிட்டாங்க." குரலைக் கீச்சென்று மாற்றினார். "'அண்ணே, வால் பக்கமா சுடுங்க, டிபன் பாக்ஸ் முன்னாடி இருக்கு.' 'சரி தம்பி, கொஞ்சம் லெஃப்ட்ல வா.'"

"மேலதிகாரி கேக்கலையா?" என்றார் நாதமுனி.

வேதகிரி நெஞ்சை நிமிர்த்தினார். கட்டைக் குரல் வந்தது. "'நமது விமானங்கள் அனைத்தும் வெற்றிகரமாகத் தரையை அடைந்துவிட்டன!' அறிக்கை எழுதிக் கொடுத்ததே நான்தான். கடைசி விமானத்துல தளபதியே ஏறிட்டாரு. அவருக்கும் லீவு வேணுமாம். கீழ சுட ஆளே இல்லை, எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. குண்டும் இல்லை. என்ன செய்ய? பூரிக்கட்டையை வீசினேன். ஒரே வீச்சு!"

"இதைச் சொன்னீங்கன்னா வாசல்லயே கோட்டைக் கழட்டி அனுப்பிடுவாங்க," என்றான் சம்பத்.

வேதகிரியின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இதுவரை வாயே திறக்காமல் இருந்தவர், துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"வேதகிரி சாரா? போன்ல பேசுன சேனல்காரன் நான்தான்."



"சும்மா... விளையாட்டுக்கு..." வேதகிரி கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"ஆறு மணிக்கும் இதையேதான் சொல்லப் போறீங்களா?" சேனல்காரர் கவலையோடு தலையை ஆட்டினார். "பத்தாது சார். நேத்து ஒருத்தர் நிலாவுல நின்னு சுட்டேன்னார். எதிர்ல இருந்தவர், ஏணியைப் பிடிச்சதே நான்தான்னார். நீங்க இப்படி நடந்ததை நடந்தபடியே பேசிக்கிட்டிருந்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க."