மாரழகனின் சீட்டி

மூங்கில்பள்ளம் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. செந்நாய்கள் நம் தெரு நாய்களைப் போல் குரைத்து ஊரைக் கூட்டுவதில்லை. சீட்டி அடிக்கும். வேட்டை என்றால் ஒன்று மட்டும் உயரமான பாறையில் ஏறி நிற்கும். மற்றதெல்லாம் கீழே புதருக்குள் ஓடும். புதருக்குள் ஓடுகிறவனுக்கு மூக்குக்கு முன்னால் இருக்கும் புல்லைத் தவிர என்ன தெரியும்? பாறையில் நிற்பதுதான் எல்லாவற்றையும் பார்த்து, "வலப்பக்கம் வளை!", "முன்னே போ!", "சிதறி ஓடு!" என்று சீட்டியிலேயே சொல்லும். அதற்குச் சீட்டிக்காரன் என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சீட்டி கேட்டால், அடுத்த சீட்டி வரும்வரை அதுதான் கட்டளை. பாறையில் நிற்பவனைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆளாளுக்குச் சீட்டி அடித்தால் வேட்டை வேட்டையாகவா இருக்கும்?

ஒரு கோடையில் கூட்டத்தின் சீட்டிக்காரன் கடமான் உதைத்துச் செத்துப்போனான். கூட்டம் பட்டினி கிடந்தது. கூட்டத்துக்குத் தலைவி கருவாலி. அவள் குட்டி போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வளையில் குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. தாய் தின்றால்தானே பால் ஊறும்? இரண்டு நல்ல வேட்டை தவறினால் குட்டிகள் தேறாது என்று அவளுக்குத் தெரியும்.

"புதுச் சீட்டிக்காரன் உடனே வேணும்!" என்றாள் கருவாலி.

இரண்டு பேர் முன்னே வந்தார்கள். ஒருவன் மாரழகன். வெள்ளை வெளேரென்ற மார்பு, நீண்ட கால், நிமிர்ந்த கழுத்து. அவனே தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் நடப்பான்! இன்னொருத்தி மூளி. பன்றி கிழித்ததில் அவளுக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.

சீட்டிக்காரனைத் தேர்ந்தெடுக்க அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். பாறையில் ஏறி, ஆளில்லாத பள்ளத்தாக்கைப் பார்த்துச் சீட்டி அடிக்க வேண்டும். யாருடைய சீட்டி எதிர்மலையில் மோதித் திரும்பி வருகிறதோ, அவர்தான் சீட்டிக்காரன்.

மாரழகன் ஏறி நின்றான். மார்பை விரித்து ஒரு சீட்டி அடித்தான் பாருங்கள்! எதிர்மலை அதை வாங்கி, இன்னொரு முறை அடித்துக் காட்டியது. மரத்திலிருந்த மந்திகள்கூட வாய் பிளந்தன.

அடுத்து மூளி அடித்தாள். சீட்டி சன்னமாகக் கிளம்பிப் பள்ளத்திலேயே அடங்கிவிட்டது. "உன் சீட்டி பாதி வழியில படுத்துத் தூங்கிருச்சு மூளி!" என்று ஒருவன் கேலி பண்ண, எல்லோரும் சிரித்தார்கள்.

மூளி கோபிக்கவில்லை. "அக்கா, வெறும் பள்ளத்தைப் பாத்து யாரு வேணா சீட்டி அடிக்கலாம். ஒரு கிழட்டுப் பன்றி தலையைக் குனிஞ்சு ஓடி வரும்போது அடிச்சுக் காட்டச் சொல்லு. அப்ப யாரு நிக்கிறானு பாரு!" என்றாள்.

"தோத்தவ பேசுற பேச்சு!" என்றான் மாரழகன்.

கருவாலிக்கும் அப்படித்தான் பட்டது. அவள் காதில் குட்டிகளின் சத்தம்தான் இருந்தது. "எனக்குக் கேக்குற சீட்டி வேணும். மாரழகனே நிக்கட்டும்!" என்றாள்.

அதோடு விட்டானா அவன்? பாறையில் ஏறியதும் பேச்சே மாறிவிட்டது.

"அக்கா, என் முதுகுக்குப் பின்னால ஒரு சருகு அசைஞ்சாலும் என் கவனம் போயிரும். கூட்டத்துலயே பலசாலிகளா பாத்து என் பாறையைச் சுத்தி நிறுத்து! மிச்சப் பேரு நான் சொன்ன திசையில ஓடினாப் போதும்."

"பலசாலி எல்லாம் இங்க நின்னா, ஓரத்துல காவலுக்கு யாரு ஓடுறது?" என்று மூளி கேட்டாள்.

"ஓரத்தை நான் பாத்துக்கிறேன். அதுக்குத்தானே மேல நிக்கிறேன்!"

கருவாலி அதையும் ஒப்புக்கொண்டாள். கூட்டத்தையே பிரித்து அவனைச் சுற்றிக் கட்டினாள். அவளுடைய துணைவன் செங்கோடன்தான் கூட்டத்திலேயே வலுவானவன். ஓரக்காவலில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனைப் பாறையடியில் நிறுத்தினாள். ஆள் குறைந்ததால், வளையில் குட்டிகளோடு படுத்திருக்க வேண்டியவள் தானே முன்வரிசையில் ஓடினாள்.

"இது சரியா வருமா, புள்ளே?" என்று செங்கோடன் மெல்லக் கேட்டான்.

"வரணும்யா. வேற வழி?" என்றாள் கருவாலி.

முதல் வேட்டை திறந்த புல்வெளியில். புள்ளிமான்கள் கண்ணெதிரே மேய்ந்தன. மாரழகனின் சீட்டி கணீரென்று விழுந்தது. மான் விழுந்தது. எல்லோரும் வயிறு முட்டத் தின்றார்கள். "ஆகா, ஓகோ!" என்று மாரழகனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கருவாலி வளைக்கு ஓடி, தின்றதில் பாதியைக் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுத்தாள். குட்டிகள் அன்றைக்கு அழாமல் தூங்கின. 'நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கேன்' என்று அவள் மனம் குளிர்ந்தது.

வெயில் ஏறியது. புல் கருகியது. புள்ளிமான்கள் மலை தாண்டிப் போய்விட்டன. வேட்டையே இல்லாமல் பல நாள் போனது. ஆற்று மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அங்கே ஒரு கடமான் வந்து போவதை மந்திகள் பேசிக்கொண்டன. மடுவைச் சுற்றி ஆள் உயர நாணல்.

கூட்டம் அங்கே போனது. குட்டிகளுக்கு அன்று காலையில் கருவாலியிடம் பால் சுரக்கவில்லை.

மாரழகன் பாறையில் ஏறினான். "முன்னே போ!" என்று சீட்டி அடித்தான். கூட்டம் நாணலுக்குள் பாய்ந்தது. கடமான் தண்ணீரில் இறங்கித் தலையை ஆட்டி மிரட்டியது. கருவாலி மூச்சிரைக்க முன்னால் ஓடினாள். இன்னும் கொஞ்சம்தான். கடமானின் கால்கள் சேற்றில் தடுமாறின.

அப்போது எதிர்க்கரை நாணல் அசைந்தது. கடமானுக்காக இன்னொருவரும் காத்திருந்தார். புலி!

கீழே ஓடியவர்களுக்கு அது தெரியாது. மேலே நின்ற மாரழகனுக்குத் தெரிந்தது. வாலிலிருந்து தலைவரை முழுசாகத் தெரிந்தது. "சிதறி ஓடு!" என்று ஒரே ஒரு சீட்டி. அவன் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எதிர்மலையையே பேச வைத்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது! கால்கள் தாமாகவே பின்வாங்கின. பாறையின் பின்பக்கம் இறங்கி ஓடியே போய்விட்டான்.

சீட்டி மாறவில்லை. 'முன்னே போ' என்பதுதான் இன்னும் கட்டளை. பாவிகள், கட்டளையை மதித்து முன்னே போனார்கள். நேரே புலியின் வாய்க்கு.

ஓடும்போதே மூளியின் மூக்கில் புலிவாடை அடித்தது. சட்டமாவது ஒன்றாவது! நின்ற இடத்திலேயே "சிதறி ஓடு! சிதறி ஓடு!" என்று சீட்டி அடித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. திரும்பிப் பாய்ந்து தப்பினார்கள். அவள் ஓடவில்லை. கடைசி ஆள் தன்னைத் தாண்டிப் போகும்வரை அடித்துக்கொண்டே நின்றாள். ஆனால் நாணலுக்குள் நின்று அடிக்கும் சன்னச் சீட்டி எவ்வளவு தூரம் போகும்? பாறை மேல் நின்று அடித்திருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். முன்வரிசைக்குக் கேட்கவே இல்லை.

முன்வரிசையில்தான் கருவாலி இருந்தாள்.

பாறையடியில் நின்ற செங்கோடன் மேலே பார்த்தான். சீட்டிக்காரனைக் காணோம். மடுவைப் பார்த்தான். புலியைக் கண்டான். மற்ற காவல்காரர்கள் மாரழகனின் பின்னால் ஓட, அவன் மட்டும் மடுவை நோக்கி ஓடினான். கருவாலிக்கும் புலிக்கும் நடுவில் போய் விழுந்தான். "ஓடு புள்ளே!" என்றான். அதற்குமேல் அவனைப் பேச விடவில்லை புலி.

முன்வரிசையில் கருவாலி மட்டும்தான் கரை ஏறினாள்.

மிஞ்சியவர்கள் மூங்கில் அடியில் கூடினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாரழகனும் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா?

"மெதுவா ஓடினா இப்படித்தான் ஆகும்! நாணலுக்குள்ள அவ்வளவு தூரம் யாரு போகச் சொன்னா?" என்று கத்தினான்.

மூளி தலை குனிந்தபடி, "தப்பு என் மேல. புலிவாடையை இன்னும் முன்னமே பிடிச்சிருக்கணும். நான் பிந்திட்டேன்," என்றாள்.

கருவாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஈரம் சொட்ட எழுந்து மாரழகன் முன்னே வந்தாள்.

"புலியைப் பாத்தியா, இல்லையா?"

அவன் கத்தல் நின்றது. அழகான மார்பு ஏறி இறங்கியது. "பாத்தேன்க்கா. பாத்ததும்... சீட்டி வரல."

கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை நெருங்கியது. கருவாலி தடுத்தாள். "விடுங்க! பயப்படுறது இவன் குத்தமில்ல. பயந்தா இவன் என்ன ஆவான்னு பாக்காமலே பாறையில ஏத்தினது நான். என் புருசனை நான்தான் இவன் காலடியில நிறுத்தினேன்!" என்று சொல்லி விம்மி அழுதாள்.

அன்றே மூளியைப் பாறைக்கு அனுப்பினார்கள். ஓரக்காவலைத் திரும்ப ஓரத்துக்கே அனுப்பினார்கள். மூளியின் முதல் வேட்டையில் ஒரு பன்றிக்குட்டி கிடைத்தது. கருவாலி அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டு வளைக்கு ஓடினாள்.

"கண்ணுங்களா, வாங்க! அம்மா வந்துட்டேன்!"

ஒரே ஒரு குட்டிதான் தள்ளாடி வந்து அவள் வாயை நக்கியது. மற்றவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தன. அவள் இறைச்சியைக் கக்கி அவற்றின் மூக்கருகே தள்ளித் தள்ளி வைத்தாள். அவை எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் கெட்டுப்போகிற நேரத்தில் தன் ஆட்களுக்காக வாய் திறக்கிறவனை நம்பித்தான் ஒரு கூட்டத்தைக் கட்ட வேண்டும். வெறும் பள்ளத்தாக்கில் கணீரென்று கேட்ட குரலை நம்பிக் கட்டினால், அந்தக் கூட்டம் தன் பிள்ளைகளையே விலையாகக் கொடுக்கும்.