மதகுப் பக்கத்து ஈரம்

"உண்மையைத்தான் சொன்னேன் டீச்சர். அப்புறமும் ஏன் உறுத்திக்கிட்டே இருக்கு?"

கேட்டவர் குணாளன். மதகடி அணியின் கேப்டன். நாற்பதைத் தொட்டாயிற்று. இந்தப் பருவத்தோடு மட்டையை வைத்துவிட்டு அம்பயர் ஆகிவிடலாம் என்று ஜெபமணி டீச்சரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் அவரைவிட இளையவர். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பாதி நேரம் கைச்சைகைதான் பதில். அம்பயர் அல்லவா, அப்படித்தான் இருப்பார் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டு நாள் ஆட்டத்தில் முதல் நாள் அப்போதுதான் முடிந்திருந்தது. பெவிலியன் படியில் உட்கார்ந்து டீச்சர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்த உண்மை?"

"வழக்கமா சொல்றதுதான்."

மதகடி மைதானத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. டாஸ் போடுவதற்கு முன் சொந்த ஊர்க் கேப்டன், வந்த அணியின் கேப்டனை ஆடுகளத்துக்குக் கூட்டிப் போவார். இந்த மண் எங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று ஒளிக்காமல் சொல்வார். மைதானத்துக்குப் பேர் வந்ததே அதனால்தான். அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் முன்கூட்டி வருவார்கள். போட்டோ எடுப்பார்கள். கைதட்டுவார்கள்.

"எப்படி வந்துச்சு இந்த வழக்கம்?"

குணாளனுக்கு அது மனப்பாடம்.

"ஏரியைத் தூர்த்த இடம் டீச்சர் இது. தூர்த்த ஆளுங்களே சேர்ந்துதான் முதல் டீமைக் கட்டுனாங்க. முதல் மேட்ச்சுக்குப் பெரிய ஊர்ல இருந்து ஒரு டீம் வந்துச்சு. பழைய மதகு இருந்த பக்கம் மண்ணுக்கடியில ஈரம். பந்து எழும்பல. வரிசையா போல்டு. நம்மாளுங்க ஜெயிச்சுட்டுக் குதிக்கிறாங்க. அவங்க கேப்டன் வந்து கை குடுத்துட்டுச் சொன்னாராம், 'எங்களை நீங்க ஜெயிக்கல, உங்க ஏரி ஜெயிச்சுது'ன்னு. நம்ம கேப்டனுக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. அடுத்த மேட்ச்சுல இருந்து சொல்ல ஆரம்பிச்சாரு."

"சொல்லிட்டு ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சாங்க, தோத்தாங்க, எல்லாம் உண்டு. ஆனா முதல் டிவிஷனை விட்டு இறங்குனது மட்டும் கிடையாது."

இந்த ஆட்டத்தில் தோற்றால் இறங்க வேண்டும். அது டீச்சருக்கும் தெரியும், டீக்கடைக்கும் தெரியும். பெவிலியன் சுவரில் பழைய கேப்டன்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அடுத்த ஆணி குணாளனுக்கு. "டீமை இறக்கிவிட்ட மகராசன்னு உம்ம படத்துக்குக் கீழ எழுதிரப் போறாங்க மாப்ளே" என்று அவருடைய மாமனாரே சொல்லிவிட்டார்.

டீச்சர் கடலைத் தோலை ஊதினார்.

"காலையில என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க. நான்தான் அந்தக் கேப்டன்."

குணாளன் எழுந்து நின்றார்.

"தம்பி தௌபீக், மதகுப் பக்கத்து ஸ்டம்புக்கு முன்னால ஒரு இடம் இருக்கு. மிதிபட மிதிபட அடியீரம் மேல வந்துரும், நாளைக்கு மதியத்துக்கு மேல அங்க விழுற பந்து எழும்பாது. தரையோட வரும். பாத்துக்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"'என்னண்ணே, பயமுறுத்துறீங்களா'ன்னு சிரிச்சான்."

"நீங்க?"

குணாளன் தலையைச் சொறிந்தார்.

"நானும் சிரிச்சேன். 'வழக்கம்ப்பா, சொல்லணும்ல'ன்னு முதுகுல தட்டுனேன். எல்லாரும் கைதட்டுனாங்க."

டீச்சர் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். வலக்கையை மடக்கி, விரல் நுனிகளால் தன் தோளைத் தொட்டார்.

அந்தச் சைகையைக் குணாளன் போன மாதம்தான் படித்திருந்தார். ஓடுகிறவர் எதிர்முனைக் கோட்டைத் தொடாமலே திரும்பிவிட்டால் அம்பயர் அப்படிக் காட்டுவார். ஓடியது ஓடியதுதான். மூச்சு வாங்கியதும் நிஜம்தான். அந்த ஓட்டம் மட்டும் கணக்கில் சேராது.

"ஒரு வார்த்தை குறைக்கலையே டீச்சர்?"

கை தோளிலேயே இருந்தது.

"அவன் நம்பலைன்னா நான் என்ன செய்ய?"

கை இறங்கவில்லை.

"இப்பப் போய்ச் சொன்னா நாளைக்குத் தோத்தாலும் தோத்துருவோம்."

"தோக்கலாம்" என்றார் டீச்சர். கையை இறக்கிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. குணாளன் எதிரணியின் அறைக்குப் போனார். தௌபீக் ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, பிட்ச் வரைக்கும் வா."

"காலையிலதான் பாத்தோமேண்ணே. இன்னொரு போட்டோவா?"

"போட்டோ இல்ல. வா."

ஈரக்காலோடு வந்தான். மதகுப் பக்கம் போனதும் குணாளன் மண்டி போட்டார். அவனுடைய கையைப் பிடித்து இழுத்துப் பெருவிரலை மண்ணில் வைத்து அழுத்தினார். விரல் உள்ளே இறங்கியது.

தௌபீக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இங்க விழுந்தா பின்னால போய் ஆடாதீங்க. யாரு போனாலும் அவுட்டு."

"காலையில இதைத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்பச் சிரிச்சீங்களே."

"ஆமா."

தௌபீக் அவரையே பார்த்தான். விரலில் ஒட்டிய மண்ணோடு தன் ஆட்களைத் தேடி வேகமாக நடந்தான்.

மறுநாள் மதியம்.

மதகடியின் வேகப்பந்து வீச்சாளன் சுடலைராஜ் இந்த ஒரு மதியத்துக்காகப் பருவம் முழுக்கக் காத்திருந்தவன். பந்தை அந்த இடத்தில் வைத்தாற்போல் போட்டான். பந்து தவழ்ந்து போனது. பேட்ஸ்மேன் முன்காலை நீட்டி, மட்டையைத் தரையோடு வைத்துத் தடுத்தார். மறுபடி போட்டான். மறுபடி அதே கால், அதே மட்டை. அடுத்து வந்தவரும் அப்படியே.

ஓவர் முடிந்ததும் சுடலைராஜ் நேராகக் குணாளனிடம் வந்தான்.

"அண்ணே, இவனுங்களுக்கு எவனோ சொல்லிட்டான்."

"நான்தாம்ல சொன்னேன்."

"அட போங்கண்ணே. டாஸுக்கு முன்னாடி நீங்க சொல்றதை எவன் காதுல வாங்குனான்? நெசமாச் சொன்னது யாருன்னு கேக்கேன்."

"அதுவும் நான்தான்."

சுடலைராஜ் ஸ்கோர் போர்டைப் பார்த்தான். ஆட்டம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. பந்தைத் தொடையில் வைத்து ரொம்ப நேரம் தேய்த்தான்.

"அப்போ இனிமே ஏரி போடாது, பந்தை நாமதான் போடணும்" என்றான்.