வெள்ளிக் கூஜாவும் மலை மாளிகையும்

கேசவபுரி ராஜா கெம்பீர பூபதிக்கு என்ன குறைச்சல்? கஜானா நிறையத் தங்கம் இருந்தது. ஆனாலும் எதுவாவது சும்மா கிடைக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்கு வாயெல்லாம் பல்!

ஒருநாள் அரண்மனைக்கு எதிரே ஒரு பட்டுக் கூடாரம் முளைத்தது. மோகனரங்கன் என்ற வெளியூர் வியாபாரி வாசலில் நின்று கூவினான். "புருஷன் பெண்டாட்டியா வாங்க! நான் சொல்றதை உட்கார்ந்து கேளுங்க! கேட்டாலே வெள்ளிக் கூஜா இலவசம்!"

அவன் விற்றது என்ன தெரியுமா? எங்கேயோ மலை உச்சியில் ஒரு மாளிகையாம். அதில் நாம் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கலாமாம். மிச்ச நாளெல்லாம் வேறு யார் யாரோ தங்குவார்களாம். கேட்டால் சிரிப்பு வருகிறதா? உள்ளே போனவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கூஜாவுக்கு ஆசைப்பட்டுப் போய், ஓலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். சேனாதிபதி பாவம், மனைவியோடு குதிரையில் போனார். மாளிகைக்கு விலையாகக் குதிரையைக் கொடுத்துவிட்டு, கூஜாவோடு நடந்து வந்தார்.

ராஜாவுக்குக் குதிரையைப் பற்றிக் கவலையே இல்லை. கண்ணெல்லாம் கூஜா மேல்தான். ஆனால் ராஜாவே போய் இலவசத்துக்கு உட்கார முடியுமா? தாண்டவராயனைக் கூப்பிட்டார். சபையிலேயே கெட்டிக்காரன் அவன்தான்.

"தாண்டவராயா, எனக்கு அந்தக் கூஜா வேணும். ஆனா ஓலையில நீ ஒரு கீறல் கூடப் போடக் கூடாது. போட்டே, உன் வேலை போச்சு!"

"கடையில நல்லதா ஒண்ணு வாங்கித் தரட்டுமா மகாராஜா?"

"சீச்சீ! காசு கொடுத்து வாங்கினா அதுல என்னய்யா ருசி?"

கையெழுத்துப் போடாமல் அந்தக் கூடாரத்திலிருந்து தப்பித்தவர் ஊரில் ஒருவர் கூடக் கிடையாது. அரண்மனை வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தாண்டவராயன் யோசித்துப் பார்த்தான். மனைவி கோமளத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

"நான் என்ன பேசணும்?" என்றாள் கோமளம்.

"எதையாவது வாங்கப் போனா வழக்கமா என்ன சொல்லுவியோ, அதையே சொல்லு. போதும்."

மோகனரங்கன் இரண்டு பேரையும் மெத்தையில் உட்கார வைத்துத் தேனொழுகப் பேசினான். மான் வருமாம். அருவி கொட்டுமாம். மேகம் ஜன்னல் வழியாக வந்து கன்னத்தைத் தொடுமாம். கடைசியில் ஓலையை நீட்டினான்.

"யோசிச்சுச் சொல்றேனே" என்றான் தாண்டவராயன்.

"வீட்டுல கேக்கணுமா? அதான் அம்மா பக்கத்துலயே இருக்காங்களே! இதுக்குத்தானே ஜோடியா வரச் சொன்னேன்?"

கோமளம் சொன்னாள்: "எனக்குச் சம்மதம்தாங்க. ஆனா எங்க அண்ணனை ஒரு வார்த்தை கேக்கணும். கேக்காம செஞ்சா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவார்."

"அவ்வளவுதானா? இங்கேயே கூப்பிடுங்க! யாரைக் கேக்கணுமோ எல்லாரையும் கூப்பிடுங்க! ஜோடிக்கு ஒரு கூஜா தரேன்!" என்றான் மோகனரங்கன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அண்ணன் ஏகாம்பரம் மனைவியோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் இல்லாதப்போ என்ன பேசினீங்களோ, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். மான், அருவி, மேகம் எல்லாம் மறுபடி வந்தன. கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மாமனாரைக் கேக்காம நான் எப்படி வாயைத் திறக்கறது?" என்றார்.

மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து. மாமனாருக்கோ சம்பந்தி வீட்டைக் கேட்க வேண்டும். சம்பந்திக்கு அவருடைய அக்காவைக் கேட்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கூடாரம் கல்யாண வீடாகிவிட்டது.

"வாசல் தெற்கு பார்த்ததா?" என்று ஒரு குரல்.

"மொட்டை மாடியில வடாம் காயுமா?" என்று இன்னொரு குரல்.

"அங்கே ஒரே மேகம்னாரே. எப்படிடீ காயும்?"

"வடாம் காயாத வீடு ஒரு வீடா?"

"அதை விடுங்க. இத்தனை நடந்திருக்கு, என்னைக் கடைசியா கூப்பிட்டிருக்கீங்க!" என்று அக்கா மூக்கைச் சிந்தினாள்.

மோகனரங்கனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. கூஜா எல்லாம் தீர்ந்தது. கை கூப்பினான். "ஐயா, நீங்க எதுவும் வாங்க வேண்டாம். எழுந்து போனாப் போதும்!"

"அதெப்படி? கூஜாவை வாங்கிக்கிட்டு நழுவுற குடும்பமா நாங்க? சித்தி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவங்க கொஞ்சம் பெரிய குடும்பம்" என்றான் தாண்டவராயன்.

"ஐயோ! நான் என்ன செஞ்சா போவீங்க?"

"சேனாதிபதியோட குதிரையைக் கொடு. ஊரார்கிட்ட வாங்கினதையும் கொடு. எழுதின ஓலையெல்லாம் கிழி. நான் எப்படியாவது இவங்களைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்."

அப்படியே செய்தான் மோகனரங்கன். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடினான்.

மறுநாள் ராஜா வெள்ளிக் கூஜாவைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "அடடா! ஓசித் தண்ணி தேனா இனிக்குதய்யா! ஆக, அங்கே போனது லாபம்தான்னு சொல்லு!"

தாண்டவராயன் பெருமூச்சு விட்டான். "கூஜா என்னவோ இலவசம்தான் மகாராஜா. ஆனா கூடாரம் போச்சு. அதுல இருந்த கூட்டம் அப்படியே எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. ஆளாளுக்குக் கூஜாவை நீட்டி மோர் கேக்கறாங்க. மொட்டை மாடியில கால் வைக்க இடமில்லை, பூரா வடாம். மச்சான் என் கட்டில்ல படுத்துக்கிட்டு, பொங்கல் முடிஞ்சுதான் போவேங்கறார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உன் வேலைக்கு இனி ஆபத்தில்லை. சன்மானமும் உண்டு. பொன் வேணுமா, நிலம் வேணுமா? கேள்!"

தாண்டவராயன் சுற்றுமுற்றும் பார்த்தான். ராஜாவின் காதருகே குனிந்தான்.

"அந்த மலை மாளிகையில எனக்கும் கோமளத்துக்கும் ஒரு வாரம் வாங்கிக் கொடுங்க மகாராஜா. மச்சானுக்கு மட்டும் தெரிய வேண்டாம்!"