காதை அசைக்காத மான்

பாசிக்குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தில் துடி என்றொரு இளம் பெண்மான் இருந்தாள். அவளுடைய காதுகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது. ஒரு காது கிழக்கே போனால் இன்னொரு காது மேற்கே போகும். எங்கேயாவது ஒரு சருகு நொறுங்கினால் போதும்! முன்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி, காடே அதிரும்படி குரல் கொடுத்துவிடுவாள்.

உடனே கூட்டம் மொத்தமும் தலைதெறிக்க ஓடும். ஓடி நின்று திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் உடும்பு போய்க்கொண்டிருக்கும். இல்லையென்றால் காட்டுக்கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். மான்கள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மேயத் தொடங்கும். ‘எங்களை வீணாக ஓட வைத்தாயே’ என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கேட்டால், அடுத்த முறை குரல் கொடுக்கும் முன் ஒரு கணம் யோசிப்பார்கள் அல்லவா? சிறுத்தைக்கு அந்த ஒரு கணம் போதும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காட்டுக்கு ஒரு மயில் வந்து சேர்ந்தார். பெயர் தோகைவாணர். அவர் ஒரு கரையான் புற்றின்மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டிப் பேசினார்.

“இளைய தலைமுறையே! உங்களுக்குள் ஒரு தலைவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்! அவனைத் தட்டி எழுப்பவே நான் வந்திருக்கிறேன்! என் தலைமைப் பயிற்சி முகாமில் சேருங்கள்! முடிவில் ஒரு தேர்வு உண்டு. வெல்பவருக்கு என் தோகையிலிருந்தே ஓர் இறகு பரிசு!”

மழைக்காலம் முடிந்தால் மயிலின் இறகு தானாகவே உதிரும். அதைப் பரிசென்று சொன்னால் வேண்டாமென்பார்களா? அதுமட்டுமல்ல, இளமான்கள் வரிசையாக நடந்தால் புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். தோகைவாணர் அந்த வரிசைக்குப் பின்னாலேயே நடந்து, பொறுக்கித் தின்று, நன்றாகக் கொழுத்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தன் பேச்சைத் தானே ரசிப்பவர், அவ்வளவுதான். அதுவே போதுமான ஆபத்து.

துடிக்கு முகாமில் சேர விருப்பமில்லை. அவள் அம்மா வெண்மடிதான் விடவில்லை.

“அக்கரைக் கூட்டத்துல எல்லாக் குட்டியும் போவுதாம். நீ மட்டும் இங்க நின்னு காதை ஆட்டிக்கிட்டு இருக்கப்போறியா? எத்தனை நாளைக்குடி பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்குவே?”

“என்னை யாரும்மா அப்படிச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. நாளைக்குச் சொல்லுவாங்கல்ல! போய்ச் சேரு.”

துடி போனாள். அவளுடைய தம்பி மொட்டு, இந்த மழையில் பிறந்த குட்டி, அவனும் வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அக்கா போகும் இடமெல்லாம் அவனும் போக வேண்டும்.

முகாமில் தினமும் காலையில் ஒரு கோஷம் போட வேண்டும். “பயமா?” என்று தோகைவாணர் அகவுவார். “எனக்கா?” என்று எல்லாரும் கத்த வேண்டும். அப்புறம் நடை. மார்பை நிமிர்த்தி, பார்வையை நேரே நிறுத்தி, காதை அசைக்காமல் நடக்க வேண்டும்.

“காது ஆடினால் மனம் ஆடுகிறது என்று பொருள்! தலைவனின் காது அசையாது! எங்கே, யாருடைய காது அது? துடியா? மறுபடியுமா?”

இளமான்கள் சிரித்தன. அந்தக் காட்டில் ஒரு மானின் காதைப் பார்த்து மற்ற மான்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் நடையின் நடுவே புதர் சலசலத்தது. துடி பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டாள். எல்லாரும் சிதறி ஓடினார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு கீரி வெளியே வந்து, இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

“பார்த்தீர்களா!” என்றார் தோகைவாணர். “ஒரு கீரிக்கு ஒரு கூட்டமே ஓடியது! யாரால்? நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி மற்றவர்களைக் கலங்கடிப்பவன் தலைவனாக முடியுமா?”

“முடியாது!” என்றான் செங்காலன். கொம்பு முளைத்துக்கொண்டிருந்த இளமான் அவன். வகுப்பில் எப்போதும் முதல் ஆளாகப் பதில் சொல்லுவான். “கீரிக்காரி! கீரிக்காரி!” என்று அவன் ஆரம்பிக்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

துடிக்குக் கண் கலங்கியது. அன்று முதல் தன் காதோடு அவள் சண்டை போட்டாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு காதை நிறுத்தினாள். முதலில் வலித்தது, பிறகு பழகிவிட்டது. தோகைவாணர் ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். வெண்மடி அதைக் கூட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்வு வந்தது. குட்டிகளை வரிசையாக அழைத்துக்கொண்டு, சாயங்காலம் பாசிக்குளத்துக்குப் போய், தண்ணீர் காட்டி, திரும்பி வர வேண்டும். வழியில் ஒருமுறைகூடக் குரல் கொடுக்கக் கூடாது. பெரிய மான்கள் யாரும் கூட வரக் கூடாது. பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வராதாம்!

முதலில் செங்காலன் போய்விட்டு வந்தான். அவனுடைய நல்ல நேரம், அன்றைக்கு அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. அடுத்த நாள் துடியின் முறை.

“தம்பியைப் பாத்துக்கோ,” என்றாள் வெண்மடி.

“நான் கடைசியா வர்றேன்!” என்று துள்ளினான் மொட்டு. “கடைசியா வர்றதும் தலைவர்தான். யாரும் தவறிப்போகாம பாத்துக்கணும்ல!”

குட்டிகள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றன. தோகைவாணர் மதிப்பெண் போடக் கூடவே நடந்தார். துடி மார்பை நிமிர்த்தி முன்னே நடந்தாள்.

குளத்தை நெருங்கும்போது இடப்பக்கம் ஒரு சருகு நொறுங்கியது.

அது உடும்பு இல்லை. உடும்பு சரசரவென்று போகும். காட்டுக்கோழியும் இல்லை. இது ஒரு கனமான கால், பார்த்துப் பார்த்து வைத்த கால். துடிக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய காது அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. அவள் பல்லைக் கடித்தாள். காது நின்றது.

மறுபடியும் கேட்டது. இந்த முறை இன்னும் பக்கத்தில்.

குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒருவேளை கீரியாக இருந்தால்? நாளைக்கு முகாம் முழுக்கச் சிரிக்குமே! அம்மா கூட்டம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாளே! துடி குரலை விழுங்கினாள்.

பின்னாலிருந்து மொட்டு வரிசையை விட்டு அவளிடம் ஓடிவந்தான்.

“அக்கா, அங்க ஏதோ இருக்கு.”

“ஒண்ணுமில்ல. சும்மா வா.”

“அக்கா, பயமா இருக்கு.”

தோகைவாணர் பார்த்துக்கொண்டிருந்தார். துடி தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

“அப்படிச் சொல்லக் கூடாது. பயமா? எனக்கா? அப்படிச் சொல்லு.”

“எனக்கா,” என்றான் மொட்டு, சின்னக் குரலில். சொல்லிவிட்டு, தன் இடத்துக்கு, வரிசையின் கடைசிக்குத் திரும்பிப் போனான்.

சிறுத்தை கடைசியில் நின்ற குட்டியைத்தான் பிடித்தது.

பாய்ந்த அதே நொடியில் தோகைவாணர் காடே கிழியும்படி அலறிக்கொண்டு ஒரு மருத மரத்தின் உச்சிக்குப் பறந்தார். அப்போதுதான் துடியும் கத்தினாள். குட்டிகள் மூலைக்கொன்றாக ஓடின. மொட்டுக்கு ஓட நேரமில்லை. ஒரு சின்னச் சத்தம், அதற்கப்புறம் அவனுடைய கால்கள் உதைப்பது நின்றுவிட்டது.

சிறுத்தை அவனை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. ஓடக் கால் வராமல் துடி அங்கேயே நின்றிருந்தாள்.

“உனக்கு நான் வர்றது கேட்டுச்சுதானே?” என்றது சிறுத்தை. அதற்கே அது ஆச்சரியமாக இருந்தது. “ரெண்டாவது சருகை மிதிச்சப்பவே இன்னைக்குப் பட்டினிதான்னு நினைச்சேன். திரும்பிப் போகலாம்னுகூட இருந்தேன். நீ வாயைத் திறக்கவே இல்லையே!”

பிறகு அது தன் இரையைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போனது.

துடி மருத மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயா, நீங்க ஏன் கத்தினீங்க?”

“ஏனென்றால்... சிறுத்தை அல்லவா! பயமாக இருந்தது!”

“பயந்தா கத்தலாம்னு எங்களுக்குச் சொல்லித் தரலையே ஐயா!”

தோகைவாணர் கலைந்த இறகுகளை அலகால் கோதிக்கொண்டார். அவருக்கு இறக்கை இருந்தது. கடைசி நொடியில் பயந்தாலும் அவர் தப்பித்துக்கொள்வார். மானுக்கு இருப்பது காதும் காலும்தான். காதை நிறுத்திவிட்டால் காலால் என்ன செய்ய முடியும்? இந்தச் சின்ன விஷயத்தை முகாமில் சேர்த்தவர்களும் யோசிக்கவில்லை, சேர்ந்தவர்களும் யோசிக்கவில்லை.

கூட்டம் கூடியது. வெண்மடி ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து பார்த்தாள். எல்லாக் குட்டியையும் முகர்ந்த பிறகு, மறுபடியும் முதலிலிருந்து முகரத் தொடங்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

தோகைவாணர் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து தொண்டையைச் செருமினார்.

“பேரிழப்பு! ஆனால் யார் மீதும் குற்றமில்லை. அந்தச் சிறுத்தை துளிச் சத்தமும் இல்லாமல் வந்தது. எந்தக் காதுக்கும் கேட்டிருக்காது! ஒன்று மட்டும் சொல்வேன். துடி கடைசிவரை கலங்கவில்லை. சிறுத்தை பாயும்வரை ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை. விதிப்படி அவள்தான் முதலிடம்!”

சொல்லிவிட்டு ஓர் இறகைக் கீழே போட்டார். அது சுழன்று வந்து துடியின் காலடியில் விழுந்தது.

மான்கள் தலையாட்டின. சத்தமே இல்லாமல் வந்த சிறுத்தையை யார் என்ன செய்ய முடியும்? பாவம், சின்னப் பெண்! எல்லாரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். துடி பேசாமல் நின்றிருந்தால் போதும், அந்தக் கதை அப்படியே நின்றுபோயிருக்கும்.

வெண்மடி மகளின் அருகே வந்தாள்.

“உனக்குக் கேக்கலையா துடி? ஊர்ப்பட்ட சத்தமெல்லாம் உனக்குக் கேக்குமே!”

குரல் மறுபடியும் துடியின் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த முறை அவள் அதை விழுங்கவில்லை.

“கேட்டுச்சும்மா.”

கூட்டத்தின் எல்லாக் காதுகளும் அவள் பக்கம் திரும்பின.

“நல்லாவே கேட்டுச்சு. சிறுத்தைதான்னு தெரிஞ்சுது. தம்பிகூட வந்து சொன்னான். நான்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.”

“கேட்டும் ஏண்டி சும்மா இருந்தே?”

“பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சும்மா.”

வெண்மடி திட்டுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் திட்டவில்லை. கிட்டே போய் நக்கிக் கொடுக்கவும் இல்லை.

“அந்தப் பேரை உனக்கு முதல்ல வச்சவ நான்தான்,” என்றாள். பிறகு குளத்துப் பக்கம் திரும்பி நடந்தாள்.

தோகைவாணர் மறுநாளே அக்கரைக்குப் போய்விட்டார். அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது. இங்கே வெண்மடி, பால் கட்டிய மடியோடு, தினமும் பொழுது சாயும் நேரத்தில் குளக்கரைக்குப் போய் நின்று, குட்டியைப் பால்குடிக்கக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள். துடி கொஞ்சம் தள்ளி நின்று அவளுக்குக் காவல் இருந்தாள். சருகு நொறுங்கினால் குரல் கொடுத்தாள். அம்மா ஓடினாள், அவளும் ஓடினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தன் பயத்தை உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொல்லத் துணியாதவர், பிறர் உயிருக்குப் பொறுப்பேற்று முன்னே நடக்கக் கூடாது.